பிள்ளையார் பெயரில் ஒரு பில்

அழிப்பதற்கு முன் அந்த சாஃப்ட்வேர் இரண்டு முறை கேட்கும். முதலில், "நிச்சயமாகவா?" என்று. பிறகு, "மாலை நான்கு மணிக்கு மேல் இதை மீட்க முடியாது. நிச்சயமாகவா?" என்று. தன்ஷிகாவுக்கு இந்த இரண்டாவது கேள்வி ஆகவே ஆகாது. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கி, மறுபடி ஏறி, பூட்டை இழுத்துப் பார்த்து, பஸ் ஸ்டாப்புக்குப் போன பிறகு அடுப்பை அணைத்தோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிற ரகம் அவள். அப்படிப்பட்டவளைப் பிடித்து உட்காரவைத்து, நாள் முழுக்க நிச்சயமா நிச்சயமா என்று கேட்டுக்கொண்டிருந்தால் அவள் என்னதான் செய்வாள்? கொஞ்ச நாளில் கேள்வியைப் படிக்காமலே 'ஆம்' என்று அழுத்தப் பழகிக்கொண்டாள். அன்றைய வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணிக்குள் பத்துப் பேருடைய புதுப்பிப்பு ஆணைகளை அழித்திருந்தாள்.

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், போர்வெல் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கிற கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது 'செங்கோடு நடைச் சேவை'. ஊரில் பாதிப் பேர் லாரியோடும் போர்வெல் துளைக்கிற ரிக்கோடும் பிழைக்கிறவர்கள். அதனால் முதுகெலும்பு முறிந்தவர்களுக்கும் குறைவில்லை. ஒரு காலத்தில் அவர்கள் கட்டிலோடு கிடந்தார்கள். இப்போது தண்டுவடம் அறுந்த இடத்தில் அரை விரல் நீளத்துக்கு ஒரு பட்டையை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அதற்குப் பாலம் என்று பெயர். நட என்று மூளை சொல்வதை இந்தக் கரையில் வாங்கி அந்தக் கரையில் கொடுக்கும். ஆனால் பாலம் சும்மா வேலை செய்யாது. அது வெளிநாட்டு மேல் கம்பெனியின் சொத்து. வருடா வருடம் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு ஆணை கணினியில் இருக்கிற வரைக்கும்தான் கால் இருக்கும்.

இந்தக் கிளையை ஆரம்பித்தவர் செங்கோட்டுவேல். அவர் இருந்தவரை இங்கே பொறுமைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. காகிதம் வரத் தாமதமானவர்கள், காப்பீடு இழுத்தடிக்கப்பட்டவர்கள் எல்லாரையும் அதில் போட்டுவைப்பார். ஏழு நாள் பொறுக்கும். முடிந்ததும் மறுபடி கைரேகை வைத்து இன்னொரு ஏழு நாள் பொறுக்கச் சொல்வார். அத்தனை நாளுக்கும் ஆகிற செலவு கிளையின் தலையில். நான்கு மாதத்துக்கு முன்பு அவர் போய்ச் சேர்ந்தார். சென்னையிலிருந்து மகன் அர்த்தநாரி வந்தார்.

அர்த்தநாரி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சுத்தமானவர், நேரம் தவறாதவர். கார்கள் தாமாகவே ஓடுகிற இந்தக் காலத்திலும், காலால் மிதித்து ஓட்டுகிற பழைய வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி, தானே ஓட்டுவார். போனில் பேசும்போது மட்டும் ஓரிடத்தில் நிற்க மாட்டார். அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருப்பார். அவருடைய செருப்புச் சத்தத்தை வைத்தே எவ்வளவு கோபம் என்று தன்ஷிகா கணக்குப் போட்டுவிடுவாள்.

அன்று காலை அவர் வந்ததும் முதல் வேலையாகத் தன் கைரேகையை வைத்துப் பொறுமைப் பட்டியலை மூடினார்.

"இன்னிக்கு மேல் கம்பெனி நாலு மணிக்கு நம்ம கணக்கை எடுக்குது. ஆதாரம் இல்லாத ஆர்டர் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எல்லாத்தையும் டெலீட் பண்ணிடுங்க."

"சார், அவங்கள்லாம் நடந்துட்டு இருக்கறவங்க..."

"நானும்தான் நடக்கறேன். யார்கிட்டயும் போய் நிக்கலையே. தன்னோட காலுக்குத் தான்தான் பொறுப்பு. அப்பா இதைச் சத்திரமா நடத்தினார். நான் அப்படி நடத்தப் போறதில்லை."

சொல்லிவிட்டு நாமக்கல்லில் புதிதாகப் பார்த்திருக்கும் கட்டடத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

அழிக்கப்பட்ட பத்துப் பேரில் ஒருத்தி அப்போது அலுவலகத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பாவாயி. சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள், நாற்பது வயது. கிணற்றில் விழுந்து முதுகு போனவள். பாலம் வைத்து மூன்று வருடமாகிறது.

"திங்கக்கெழம காயிதம் வந்துருமாம் அம்மிணி. அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லேன் அந்தத் தம்பிகிட்ட."

"சொல்லிப் பாத்துட்டேன் அக்கா. கேக்க மாட்டேங்கறாரு." தன்ஷிகாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நின்னு போச்சுன்னா என்னாகுங்க?" என்று பாவாயி அமல்ராஜைக் கேட்டாள். அமல்ராஜ் அங்கே டெக்னீஷியன். பாலங்களைச் சோதித்து, சரிசெய்கிறவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்பதால் வாடிக்கையாளர்கள் யாரும் அவரிடம் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

"நாலு மணிக்குப் பாலம் தூங்கிரும். கால் மரத்துப்போகும். மூணு நாளைக்குள்ள எழுப்பலைன்னா, உள்ள சதை வளந்து மூடிக்கும். அதுக்கப்பறம் மறுபடி ஆபரேஷன்தான்."

"இன்னிக்கு வெள்ளி. திங்களோட மூணு நாளாச்சு." பாவாயி விரல் விட்டு எண்ணினாள். "காயிதம் காலையில வருதோ சாயங்காலம் வருதோ."

"வீட்டுக்குப் போய் இருங்கக்கா. நான் ஏதாச்சும் பாக்கறேன்" என்றாள் தன்ஷிகா.

"எதுக்கு? நடுரோட்டுல உக்காரறதுக்கு இங்கயே உக்காந்துக்கறேன். தூக்கிட்டுப் போறதுக்காச்சும் நாலு பேரு இருப்பீங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பஸ் வராது, நடந்தே போய்விடலாம் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். தன்ஷிகா கணினியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கடைசியாக ஒன்றுதான் பாக்கி. ஆணை எண் 1. பெயர்: பிள்ளையார். முகவரி: இல்லை. அடையாள ஆதாரம்: இல்லை. பெற்றுக்கொண்டது: தவிடு, ஒரு படி.

காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் எந்தக் கடையில் புதுக் கணக்குப் போட்டாலும் முதல் பில் சாமிக்குத்தான். அவள் இதற்கு முன் வேலை பார்த்த லாரி பாடி கட்டும் பட்டறையில் முதல் பில், 'பிள்ளையார், தேங்காய் ஒன்று' என்று இருக்கும். ஆனால் அது காகித பில். கிழித்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தால் தீர்ந்தது. இதுவோ சந்தா சாஃப்ட்வேர். பெரியவர் செங்கோட்டுவேல் பூஜை போட்ட அன்று போட்ட பில்லை, இது சந்தாதாரர் என்று எடுத்துக்கொண்டு, வருடம் தவறாமல் பிள்ளையாருக்கும் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது போல. மொத்தம் பதினெட்டுப் புதுப்பிப்பு ஆணைகள். பதினெட்டிலும் தவிடு ஒரு படி. கோயில் மாட்டுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

புதுப்பிப்பு ஆணைகளைக் கடைசியிலிருந்துதான் அழிக்க முடியும். பதினெட்டு, பதினேழு, பதினாறு. நிச்சயமாகவா, ஆம். நிச்சயமாகவா, ஆம். கை தானாக அழுத்திக்கொண்டே வந்தது. கடைசியில் மூல ஆணை. நிச்சயமாகவா? ஆம். நிச்சயமாகவா? ஆம்.

திரையில் ஒரு சின்ன மஞ்சள் கட்டம் வந்தது.

'இந்த ஆணையுடன் ஒரு பாலம் இணைந்திருந்தது. நிலை: இயக்கத்தில். இன்றைய அடிகள்: 2,316. மாலை 4.00 மணிக்கு உறக்கம்.'

பாலம் எப்போதும் மூல ஆணையோடுதான் கோக்கப்பட்டிருக்கும். கடைசியிலிருந்து அழித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அது கடைசியில்தான் தெரியும். தன்ஷிகா கட்டத்தை மறுபடி படித்தாள். அவள் படிக்கிறபோதே 2,316 என்பது 2,319 ஆயிற்று. பிறகு 2,322.

பிள்ளையார் நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணா!" அவள் குரல் கீச்சென்று வந்தது. "ஏனுங்ண்ணா, இங்க வாங்களேன்."

அமல்ராஜ் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது யாரோ ஆளும்மா."

"யாருங்ண்ணா?"

"நான் சேந்து ஆறு வருசம் ஆச்சு. இந்த நம்பர் ஒரு நாளும் செக்கப்புக்கு வந்ததில்ல. பெரியவர் தானே வெளிய எங்கயாச்சும் காட்டிட்டு இருந்திருப்பாரு."

"எங்க இருக்காங்கன்னு பாக்க முடியாதா?"

"முடியாது. முன்ன அது இருந்துச்சு. பொண்டாட்டி எங்க நடக்கறான்னு ஒருத்தன் தெனமும் பாத்துட்டே இருந்து, கேஸ் ஆகி, எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. இப்ப எத்தனை அடி நடந்தாங்கன்னு மட்டுந்தான் தெரியும். எங்கன்னு தெரியாது."

"திரும்பப் போட்டுரலாமா? நாலு மணி வரைக்கும் மீட்கலாம்னு இருக்கே?"

"போடலாம். ஆனா பாலத்தோட உரிமையாளர் நேர்ல வந்து கைரேகை வெக்கோணும்." அமல்ராஜ் திரையில் விரலை வைத்துக் காட்டினார். "உரிமையாளர்னு பிள்ளையார் பேரு இருக்குது."

தன்ஷிகா அர்த்தநாரிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்த பிறகு, 'மீட்டிங். டெலீட் முடிந்ததா?' என்று எழுத்தில் மட்டும் பதில் வந்தது. பெரியவர் இல்லை. அவர் மனைவி அவருக்கு முன்பே போய்விட்டாள். வேறு யாரைக் கேட்பது? பக்கத்து முனையில் லாரி ஸ்டாண்டுப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. பெரியவர் தினமும் போவார். பிள்ளையார் பெயரில் ஒருவன் நடக்கிறான் என்றால் அங்கேதான் யாருக்காவது தெரிந்திருக்கும். எண்ணைத் தன் போனில் தெரியும்படி செய்துகொண்டு, படிகளில் இறங்கி ஓடினாள்.

ரோட்டுக்கு வந்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. எத்தனை கால்கள்! டீக் கடைக்கு முன்னால், பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்துகொண்டு, தலையில் மூட்டையோடு, கையில் குழந்தையோடு. எந்தக் கால் நான்கு மணிக்கு நிற்கப் போகிறது? ஒரு ஆள் ரிக் வண்டியின் உச்சியில் நின்று கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் போனைப் பார்த்தாள். எண் அசையவில்லை. அவனும் அசையவில்லை. அவன் இரண்டடி நகர்ந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்த்தாள். அது நகரவில்லை. அவன் இல்லை. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்ததும் வெட்கமாகவும் இருந்தது. அவன் இல்லையென்றால் இன்னொருத்தன்.

கோயிலில் அர்ச்சகர் நடை சாத்திக்கொண்டிருந்தார்.

"முதுகு அடிபட்டவங்க யாராச்சும் பெரியவர் கூட இங்க வருவாங்களா சாமி?"

"ஸ்டாண்டுக்கு வர்றவன் எல்லாருக்கும் முதுகு வலிதான்" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவராய், "அவர் தனியாத்தாம்மா வருவார். வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு படி தவிடு கொண்டுவந்து வெப்பார். மாட்டுக்கான்னு கேட்டா, இல்லை, கடனுக்கும்பார். வேற ஒண்ணும் சொல்ல மாட்டார்."

மாட்டுக்கு இல்லை. அது மட்டும் தெரிந்தது. அவள் திரும்பி வரும்போது மணி ஒன்றேகால். எண் 4,051.

சாப்பிடப் பிடிக்கவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டினாள். ஆணை எண் 1-க்குக் காகிதமே இல்லை. பாவாயி தவிர, அழிந்துபோன மற்ற ஒன்பது பேருக்கும் போன் செய்து, நான்கு மணிக்கு எங்கேயாவது உட்கார்ந்துகொள்ளுங்கள், மாடிப்படியில் இருக்காதீர்கள், அடுப்புப் பக்கம் நிற்காதீர்கள் என்று சொன்னாள். ஒருவர் அழுதார். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டியவரை அவளுக்குப் பிடித்திருந்தது. பிள்ளையாரை மட்டும் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை.

"அவன் பாட்டுக்கு நடந்துட்டிருக்கான் பாருங்ண்ணா" என்றாள். எண் மேலே போகும், நிற்கும், மறுபடி விறுவிறுவென்று போகும். "ஒண்ணுமே தெரியாம நடக்கறான். என் கையாலதான் அழிச்சேன்."

"சின்னவர் சொல்லித்தானே பண்ணுனே?"

"கேள்வி என்னைத்தானே கேட்டுச்சு. ரெண்டு தடவை கேட்டுச்சு."

பெஞ்சிலிருந்து பாவாயி கேட்டாள்: "என்ன அம்மிணி காலையில இருந்து தவுடு தவுடுங்கறீங்க?"

தன்ஷிகா சொன்னாள். பிள்ளையார் பெயரில் பில். விலைக்குப் பதில் ஒரு படி தவிடு. வருடத்துக்கு ஒரு தடவை கோயிலில் அதே தவிடு.

பாவாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது கொடுத்து வாங்குன புள்ள அம்மிணி."

"என்னக்கா?"

"எங்க ஊர்ல தவுட்டுக்கண்ணன்னே ஒருத்தன் இருக்கான். புள்ள பொழைக்காதுன்னு ஆயிருச்சுன்னா, சாமிக்குத் தத்துக் கொடுத்துருவாங்க. இது எம் புள்ள இல்ல, உம் புள்ள, நீ பாத்துக்கோன்னு. அப்பறம் ஒரு படி தவுடு கொடுத்து சாமிகிட்டயே திரும்ப வாங்கிக்குவாங்க. வாங்கினாலும் அது சாமி புள்ளதான். நாம வளக்கறதுதான்."

அமல்ராஜ் கிறிஸ்தவர், அவருக்கு இது புதிது. தன்ஷிகா கேள்விப்பட்டதுதான். ஆனால் அது இப்போதுதான் நெஞ்சில் போய் இடித்தது. உரிமையாளர் பிள்ளையார் என்பது பூஜைக்காகப் போட்ட பெயர் இல்லை. யாரோ தன் பிள்ளையின் காலைச் சாமிக்கு எழுதி வைத்திருக்கிறான். யாரோ என்ன, பெரியவர்தான் எழுதி வைத்திருக்கிறார். பெரியவருக்கு...

போன் அடித்தது. அர்த்தநாரி. மணி இரண்டு ஐம்பது.

"எத்தனை தடவை கூப்பிடுவீங்க? முடிஞ்சுதா இல்லையா?"

"சார், ஒரு ஆர்டர்ல சந்தேகம் சார்..." திரையில் 5,880.

"என்ன சந்தேகம்? ஆதாரம் இருக்கா, இல்லையா? அவ்வளவுதானே கேள்வி?" 5,891. "ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க. கதை கேக்கறதுக்கா உங்களுக்கு அங்க நாற்காலி போட்டிருக்கு?" 5,907. போனுக்குள் செருப்புச் சத்தம் டக் டக்கென்று கேட்டது. தன்ஷிகாவின் கண் திரையில் இருந்தது; காது போனில் இருந்தது. டக், ஒன்று. டக், ஒன்று.

"இருங்க, கார்ல ஏறிக்கறேன்." கதவு சாத்தும் சத்தம். 5,914-இல் எண் நின்றது. "நான் இப்படியே சேலம் போறேன். இனிமே கூப்பிடாதீங்க. நாலு மணிக்கு எல்லாம் முடிஞ்சுதுன்னு ஒரு வரி அனுப்புங்க போதும்."

"சார், சின்ன வயசுல உங்களுக்கு..."

வைத்துவிட்டார்.

காலால் மிதிக்கிற கார். நாமக்கல்லிலிருந்து சேலம் ரோடு. நான்கு மணிக்கு அந்த ரோட்டில் முன்னாலும் பின்னாலும் லாரிகள் இருக்கும். பிரேக்கை மிதி என்று மூளை சொல்லும், கால் கேட்காது. தன்ஷிகா மறுபடி கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. உங்கள் முதுகில் இருப்பது எனக்குத் தெரியும் என்று எழுதி அனுப்பினால், அவமானத்தில் போனையே அணைத்துவிடுவார். இத்தனை நாள் ஒருத்தருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிற மனுஷன். அவருக்குப் பயம் என்று ஒன்று இருந்தால், அது மேல் கம்பெனியிடம் மட்டும்தான்.

பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள், வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் ஒரு பொய்யை எழுதினாள். 'மேல் கம்பெனி ஆட்கள் நேரில் வந்திருக்கிறார்கள். உங்கள் கைரேகை இல்லாமல் ஒப்பந்தம் ரத்து என்கிறார்கள். மூன்றரைக்குள் வர வேண்டுமாம்.'

பதில் இல்லை. எண் 5,914. வண்டியில் இருக்கிறார் என்று மட்டும் தெரிகிறது. இங்கே வருகிறாரா, சேலத்துக்குப் போகிறாரா? மூன்றரை. மூன்று முப்பத்தெட்டு. பாவாயி தன் இரண்டு காலையும் நீட்டி, பாதங்களை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கிறபோதே ஆசை தீர ஆட்டிவிடுவோம் என்பது போல. அமல்ராஜ் ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்தார்.

மூன்று நாற்பத்தாறுக்கு எண் 5,915 ஆயிற்று.

கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. 5,920. 5,926. ஒவ்வொரு படிக்கும் எண் ஒவ்வொன்றாக ஏறியது. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு நொடி நின்றது, எண்ணும் நின்றது. மறுபடி ஏறியது. தன்ஷிகாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அர்த்தநாரி உள்ளே வந்து நாற்புறமும் பார்த்தார். "எங்க அவங்க?"

"யாரும் வரலீங்க சார். நான் பொய் சொன்னேன்."

"என்ன?"

"திட்டறதுக்கு முன்னாடி இந்த எண்ணைப் பாருங்க சார். பாத்துட்டு ஒரே ஒரு அடி எடுத்து வைங்க."

அவர் முகம் கோபத்தில் சிவந்தது. அவளை நோக்கி ஓர் அடி வைத்தார். 5,951 என்பது 5,952 ஆயிற்று. இன்னோர் அடி. 5,953. மூன்றாவது அடிக்குத் தூக்கிய காலை அப்படியே நிறுத்தி, மெல்லக் கீழே வைத்தார். முகத்திலிருந்த ரத்தம் எங்கேயோ போய்விட்டது.

"இது யாரோட ஆர்டர்?" என்றார்.

"பிள்ளையார் பேர்ல இருந்துச்சு. காலையில அழிச்சிட்டேன். ஆதாரம் இல்ல."

"எனக்கெல்லாம் எதுக்கு ஆர்டர்... நம்ம கம்பெனி... அப்பா பாத்துக்குவேன்னாரு." அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு வயசுல. அவரோட ரிக்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது நான் பின்னால நின்னது தெரியலை. ஆஸ்பத்திரியில, நீ இனிமே என் பிள்ளை இல்லடா, பிள்ளையாரோட பிள்ளைன்னு அழுதாரு. ஏதோ ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நினைச்சேன்."

"அட சாமி" என்றாள் பாவாயி பெஞ்சிலிருந்து. "தம்பி, நீயும் நம்ம ஜனந்தானா!"

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "நாலு மணிக்கு என்ன ஆகும்?" என்று அமல்ராஜைக் கேட்டார், தெரியாதவர் போல.

அமல்ராஜ் அதே வார்த்தைகளைச் சொன்னார். தூங்கிவிடும். மூன்று நாள். சதை மூடிக்கொள்ளும்.

"திரும்பப் போடுங்க! என் கைரேகையை வாங்கிக்கங்க!"

தன்ஷிகா மீட்புப் பக்கத்தைத் திறந்தாள். அவர் கட்டைவிரலை வைத்தார். 'இவர் உரிமையாளர் அல்ல' என்றது சாஃப்ட்வேர். மறுபடி வைத்தார். 'இவர் உரிமையாளர் அல்ல.' மணி மூன்று ஐம்பத்து மூன்று.

"வேற வழி?"

"பொறுமைப் பட்டியல் ஒண்ணுதாங்க சார். அதைத் திறந்தா இன்னிக்கு அழிச்சதெல்லாம் அதுக்குள்ள வந்துரும். ஏழு நாளைக்கு ஓடும், செலவு நம்ம கிளை தலையில. திறக்கறதுக்கு உங்க கைரேகை போதும்."

"திறங்க. என்னோடதை மட்டும் போடுங்க."

பாவாயி ஆட்டிக்கொண்டிருந்த பாதத்தை நிறுத்தினாள்.

"அது ஒரே ஸ்விட்ச்சுங்க சார்" என்றாள் தன்ஷிகா. "திறந்தா பதினோரு பேருக்கும் திறக்கும். இல்லைன்னா யாருக்கும் இல்ல."

அர்த்தநாரி கடிகாரத்தைப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. அந்த நேரத்திலும் கணக்குப் போட முடிகிற மனுஷனைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. பிறகு அவர் விரலை நீட்டினார். வேர்வையில் ரேகை பதியவில்லை. மறுபடி வைத்தார். பதியவில்லை. மூன்று ஐம்பத்தேழு. பாவாயி எழுந்து வந்து, தன் முந்தானையால் அவர் கட்டைவிரலை அழுத்தித் துடைத்துவிட்டாள். குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல.

"இப்ப வை தம்பி."

பச்சை விளக்கு எரிந்தது. பதினோரு பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. பத்து மனிதர்கள், ஒரு பிள்ளையார்.

இருந்தாலும் நான்கு மணி ஆகும் வரை ஒருவரும் நம்பவில்லை. அர்த்தநாரி மேசையைப் பிடித்தபடி நின்றார். பாவாயி சுவரைப் பிடித்தபடி நின்றாள். முள் பன்னிரண்டைத் தொட்டது, தாண்டியது. பாவாயி முதலில் காலெடுத்து வைத்தாள். பிறகு அவர். 5,954.

பாவாயி கும்பிட்டுவிட்டு, இரவுச் சோற்றுக்கு அரிசி ஊறப்போட வேண்டும் என்று கிளம்பினாள். படியில் அவள் இறங்குகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல் இறங்கினாள்.

அர்த்தநாரி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய முகம் திரும்பி வந்தது.

"இது வெளிய போகக் கூடாது."

"போகாதுங்க சார்."

"ஏழு நாள் இருக்கு. அதுக்குள்ள என் பாலத்தை என் பேருக்கு மாத்திடுங்க. மாத்தினதும் இந்தப் பட்டியலை மறுபடி மூடிடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை மத்தவங்களோடதை டெலீட் பண்ணிக்கலாம்."

தன்ஷிகாவின் திரையில், வலது மூலையில், 'உரிமையாளர் மாற்றம்' என்ற பொத்தான் இருந்தது. ஆணையைப் போட்ட பெரியவரின் இறப்புச் சான்றிதழ், ஒரு வாரிசுத் தாள். பத்து நிமிட வேலை. அவள் அதைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அமல்ராஜும் பார்த்தார்.

"அப்படி ஒரு வசதி இதுல இல்லீங்க சார்."

"இல்லையா? அமல்ராஜ்?"

பொய் சொல்லத் தெரியாத அமல்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நம்ம வெர்ஷன்ல இல்லீங்க" என்றார் கடைசியில். "பிள்ளையார் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு."

"அப்போ வாரா வாரம் நான் வந்து விரல் வெக்கணுமா? எல்லாருக்கும் சேத்தா?"

"ஆமாங்க சார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நிச்சயமா?"

தன்ஷிகாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டுவிடும் என்று பயந்தாள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் கண்டுபிடிப்பார். அன்றைக்கு வேலை போகும். வேறென்னவெல்லாம் போகும் என்று இப்போது எண்ண முடியாது.

"நிச்சயங்க சார்."

"மறுபடி ஒரு தடவை நல்லாப் பாருங்க. அப்பறம் மாத்திச் சொல்ல முடியாது. நிச்சயமாவா?"

அவள் திரும்பித் திரையைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க" என்றாள்.